ஸ்கேன் மகளுக்கு, முறிவு அம்மாவுக்கு

மகளுக்கு 52 வயது. சென்னையில் அலுவலகம் ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனையில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டோடு சேர்த்து எலும்பு அடர்த்திக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். அறிக்கையில் மஞ்சள் பட்டைக்குள் ஒரு புள்ளி, பக்கத்தில் ‘மைனஸ் 1.6’. அன்றிலிருந்து தரையில் உட்காரப் பயம், படியேறப் பயம், ராத்திரி தவறாமல் கால்சியம் மாத்திரை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு 74. வாசல் தெளிக்கும்போது வழுக்கிக் கையை ஊன்றியதில் போன வருஷம் மணிக்கட்டு ஒடிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரத்தில் பிரித்து, ‘கை கூடிடுச்சு’ என்று அனுப்பிவிட்டார்கள். அவருடைய எலும்பை யாரும் அளக்கவில்லை.

இப்படியொரு குடும்பத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் இடுப்பெலும்பு முறிய வாய்ப்பு அதிகம் உள்ளவர் அம்மா; பயந்துகொண்டிருப்பவர் மகள். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பைப் பற்றி நம்மிடையே நடக்கும் விளம்பரம், முகாம், பரிசோதனை எல்லாமே ஏறக்குறைய இந்த வரிசையில்தான் நடக்கின்றன. வசதியும் வயதும் இடமும் யாருக்கு வாய்க்கிறதோ அவருக்கு ஸ்கேன். ஏற்கெனவே ஒடிந்தவருக்குக் கட்டு மட்டும்.

எலும்பு ஒருமுறை கட்டி முடித்ததோடு நிற்பதில்லை. பழையதைக் கரைத்தெடுக்கும் செல்கள் ஒருபுறம், புதிதாக நிரப்பும் செல்கள் மறுபுறம் என்று ஆயுள் முழுக்க வேலை நடக்கிறது. இடிப்பவர்களை அடக்கி வைத்திருக்கும் மேஸ்திரி, ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நிற்கும்போது மேஸ்திரி வேலையை விட்டுப் போகிறார். இடிக்கும் வேகம் கூடுகிறது, நிரப்பும் கை அதற்கு ஈடுகொடுப்பதில்லை. முதல் சில ஆண்டுகளில்தான் இழப்பு மிக வேகம். பிறகு வேகம் தணியும், நிற்காது. முதுகெலும்பு நொறுங்கி வந்தவர்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள் என்பதைக் கவனித்து இரண்டையும் முடிச்சுப் போட்டவர், 1940களின் தொடக்கத்தில் பாஸ்டனில் பணியாற்றிய ஃபுல்லர் ஆல்பிரைட்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேலை நாடுகளில் 51. நான்கைந்து ஆண்டுகள் முன்கூட்டியே எலும்பு கரையத் தொடங்குகிறது என்று பொருள். இதற்கும் முன்பே ‘கர்ப்பப்பையை எடுத்தாச்சு’ என்று சொல்லும் பெண்கள் நம் கிராமங்களில் எத்தனை பேர்! தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புகளில் ஆந்திரமும் தெலங்கானாவும் இதில் முன்னணியில் இருக்கின்றன. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகக் குறைவதில்லை, ஒரே நாளில் அற்றுப்போகிறது. 38 வயதில் அப்படி ஆபரேஷன் ஆனவருக்கு 60 வயதில் எலும்பு எப்படி இருக்கும் என்பதை எந்த முகாமும் கேட்பதில்லை. சினைப்பையையும் எடுத்தார்களா என்பதே பலருக்குத் தெரியாது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

மைனஸ் 2.5 எங்கிருந்து வந்தது?

டெக்ஸா ஸ்கேன் எளிமையானது. உலோகப் பொருள்களைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் மேஜையில் படுத்தால் போதும். கதிர்வீச்சு, மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. கீழ் முதுகெலும்பையும் இடுப்பையும் அளந்து, அந்த அடர்த்தியை ஆரோக்கியமான இளம்பெண்களின் சராசரியோடு ஒப்பிடுவார்கள். சராசரியிலிருந்து எத்தனை படி கீழே என்பதுதான் ‘டி ஸ்கோர்’.

1994இல் ஜான் கனிஸ் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, மைனஸ் 2.5க்குக் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை என்று கோடு போட்டது. மைனஸ் 1க்கும் 2.5க்கும் நடுவில் இருப்பதற்கு ஆஸ்டியோபீனியா என்று பெயர் வைத்தது. எந்த நாட்டில் எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை என்று எண்ணுவதற்காகப் போட்ட கோடு அது. ஒரு கணக்கைப் பாருங்கள்: முழு ஆரோக்கியமாக இருக்கும் 25 வயதுப் பெண்களை வரிசையாகப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தாலும், அவர்களில் ஆறில் ஒருவர் மைனஸ் 1க்குக் கீழேதான் இருப்பார். சராசரி என்ற கணக்கின் இயல்பே அது. அவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை.

மறு ஆண்டே, 1995இல், மெர்க் நிறுவனத்தின் அலெண்ட்ரோனேட் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்ல மருந்துதான். ஆனால் ஸ்கேன் கருவிகள் குறைவாக இருந்தால் மருந்து எப்படி விற்கும்? கருவிகளைப் பரப்புவதற்கென்றே அந்த நிறுவனம் ‘எலும்பு அளவீட்டு நிறுவனம்’ என்ற பெயரில் லாப நோக்கற்ற அமைப்பொன்றைத் தொடங்கியது. 1997இல் வந்த சட்டத்துக்குப் பிறகு முதியோருக்கான அரசு காப்பீடும் ஸ்கேனுக்குப் பணம் கொடுத்தது. கணக்கெடுப்புக்கென்று பிறந்த ஆஸ்டியோபீனியா, அமெரிக்க மருத்துவரின் அறைக்குள் நோயாக நுழைந்தது. அங்கிருந்து நம் பரிசோதனைக் கூடங்களின் மஞ்சள் பட்டைக்கு வந்து சேர்ந்தது.

இந்த எண்ணோடு நமக்குக் கூடுதல் சிக்கலும் உண்டு. கருவி அளப்பது பரப்பளவு அடர்த்தி. எலும்பின் கனத்தை அது பார்ப்பதில்லை. சிறுகூடான உடம்புக்காரரின் எலும்பு, உள்ளது உள்ளபடியே திடமாக இருந்தாலும் கொஞ்சம் குறைத்தே காட்டும். ஒப்பிடும் இளம்பெண்கள் அமெரிக்க வெள்ளையினப் பெண்களாக இருந்தால் சறுக்கல் இன்னும் கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2010இல் நம் நாட்டவருக்கான அளவுகோலை வெளியிட்டது. உங்கள் அறிக்கை எதோடு ஒப்பிட்டது என்று கேட்பதில் தவறில்லை. வயதானவர்களுக்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. எழுபதைத் தாண்டியவரின் முதுகெலும்பில் தேய்மானத்தால் முளைத்த முள்ளெலும்புகளும் ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பும் சேர்ந்து கணக்கில் ஏறிக்கொள்ளும்; முதுகு ‘நார்மல்’ என்று வரும். அந்த வயதில் இடுப்பின் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் எலும்புப்புரை கட்டுக்கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள், மாதவிடாய் நின்று ஐந்து ஆண்டாவது கடந்த 150 பெண்களை அளந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேருக்கு முதுகிலோ இடுப்பிலோ எலும்புப்புரை இருந்தது. அவர்கள் படுக்கையில் கிடந்தவர்கள் இல்லை, நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் எண்ணிப் பார்த்தபோது, ஐம்பது கடந்த பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 159 பேருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆண்களில் 105.

குதிகால் முகாம்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், மருந்துக்கடை வாசலில், மகளிர் தினத்தன்று அலுவலகத்தில் ‘இலவச எலும்பு வலிமைப் பரிசோதனை’ நடக்கும். ஒரு சின்னப் பெட்டிக்குள் குதிகாலை வைக்கச் சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் சீட்டு வரும். பக்கத்து மேஜையில் கால்சியம் மாத்திரை. அது டெக்ஸா அல்ல, ஒலியலையில் குதிகாலை அளப்பது. அதற்குப் பயன் இல்லாமல் இல்லை. ஆனால் மைனஸ் 2.5 என்ற கோட்டை அதில் பொருத்திப் பார்க்கவே கூடாது. அந்தக் கோடு இடுப்புக்கும் முதுகுக்கும் போட்டது. முகாம் சீட்டைப் பார்த்து மருந்து தொடங்கும் மருத்துவரிடம் ‘டெக்ஸா எடுக்க வேண்டாமா’ என்று கேட்டுவிடுவது நல்லது.

எண் நன்றாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா என்றால், அதுவும் இல்லை. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, மாதவிடாய் நின்ற ஒன்றரை லட்சம் பெண்களின் குதிகால், விரல், முன்கை அடர்த்தியை அளந்துவிட்டு ஓராண்டு கவனித்தது. அந்த ஆண்டில் எலும்பு முறிந்தவர்களில் 82 சதவீதம் பேரின் ஸ்கோர் மைனஸ் 2.5க்கு மேலேதான் இருந்தது. கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு ஆபத்து அதிகம். ஆனால் கோட்டுக்கு மேலே இருப்பவர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது.

ஒரே டி ஸ்கோர் 52 வயதிலும் 75 வயதிலும் ஒரே பொருள் தராது. வயது கூடக் கூட, அதே அடர்த்தியில் முறியும் வாய்ப்பு பல மடங்காகிறது. இதைக் கணக்கில் எடுக்கத்தான் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்திலிருந்து கனிஸ் குழுவினர் 2008இல் ‘ஃப்ராக்ஸ்’ கணிப்பானை வெளியிட்டார்கள். வயது, எடை, முன்பு முறிந்ததா, தாய் தந்தைக்கு இடுப்பு முறிந்ததா, ஸ்டீராய்டு எடுக்கிறாரா, புகை, மது, முடக்குவாதம் என்று கேட்டு, பத்தாண்டுக்குள் முறியும் வாய்ப்பைச் சதவீதமாகச் சொல்லும். ஸ்கேன் இல்லாமலும் வேலை செய்யும். இந்தியாவுக்கான கணிப்பானின் அடிப்படையில் இருப்பது சிங்கப்பூர்வாழ் இந்தியர்களின் முறிவுக் கணக்கு. அவர்களில் பெரும்பகுதி தமிழர்கள் என்பதால் நமக்குச் சற்று நெருக்கம் என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் டைப் 2 சர்க்கரை நோயை அந்தக் கணிப்பான் கேட்பதே இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கு அடர்த்தி நன்றாகக் காட்டினாலும் எலும்பு எளிதில் முறிகிறது என்பது இன்று தெளிவு. வீட்டுக்கொரு சர்க்கரைக்காரர் உள்ள தமிழ்நாட்டில் இது சின்னக் குறை இல்லை.

பென்சிலும் எடை மெஷினும்

யாரை ஸ்கேனுக்கு அனுப்புவது என்று முடிவுசெய்ய எடை மெஷினைத் தவிர ஒரு கருவியும் தேவைப்படாத வழி இருக்கிறது. 2001இல் எட்டு ஆசிய நாடுகளின் பெண்களை வைத்து உருவாக்கியது. இந்தியா அதில் இல்லை என்றாலும் இந்தியாவிலும் பயன்படுத்துகிறார்கள். கிலோவில் எடை, அதிலிருந்து வயதைக் கழித்து, 0.2ஆல் பெருக்க வேண்டும். விடை மைனஸ் 4க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம், மைனஸ் 1க்கும் 4க்கும் நடுவே என்றால் மிதமானது. 70 வயது, 45 கிலோ என்றால் மைனஸ் 5, உடனே ஸ்கேன். 52 வயது, 64 கிலோ என்றால் 2.4; அவசரமே இல்லை. எடை மெஷின் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம் உண்டா?

சுவரும் ஒரு கருவிதான். குதிகாலும் முதுகும் ஒட்ட நின்றால் பின்தலை சுவரைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால், அல்லது இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், முதுகெலும்பு எங்கோ நசுங்கியிருக்கலாம். முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே நடந்து முடிகின்றன. ‘வயசாச்சு, கூன் விழுது’ என்று நாம் ஒதுக்கும் பாட்டிகளில் பலர் எலும்பு முறிந்தவர்கள். அவர்களுக்கு டி ஸ்கோர் எதுவாக இருந்தாலும் சிகிச்சை தேவை.

எல்லாவற்றுக்கும் மேலான சோதனை, ஏற்கெனவே நடந்த முறிவு. நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு ஒடிகிறது என்றால் அடுத்த முறிவுக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடுப்பு முறிந்து வருபவர்களில் பாதிப்பேர் அதற்கு முன்பே எங்காவது ஒடித்துக்கொண்டவர்கள். நம் ஊரில் இவர்களில் கணிசமானோர் ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை, புத்தூர் கட்டுக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும், மணிக்கட்டு கூடியும் விடலாம். ஆனால் ஏன் ஒடிந்தது என்ற கேள்வி அந்தக் கட்டோடு அவிழ்ந்து போய்விடுகிறது. (இடுப்பெலும்பின் கழுத்து முறிந்தால் மட்டும் எந்தக் கட்டுக்கும் போகக் கூடாது. அங்கே ரத்த ஓட்டம் அறுபடும். ஆபரேஷன் கூடுமானவரை இரண்டு நாளுக்குள் நடக்க வேண்டும்.)

கிளாஸ்கோ மருத்துவமனைகள் 1990களின் இறுதியில் இதற்கு எளிய தீர்வு கண்டன. எலும்பு முறிந்து வரும் ஐம்பது கடந்த ஒவ்வொருவரையும் தேடிப் பிடிப்பதற்கென்றே ஒரு செவிலியர். மாவுக்கட்டுப் போட்டவர் வீட்டுக்குப் போகும் முன் அவருக்கு ஸ்கேன் தேதி கொடுப்பது அந்தச் செவிலியரின் பொறுப்பு. அந்த முறை இன்று பல நாடுகளில் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை 2021 முதல் வீடுவரை கொண்டுசேர்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நம்மிடம் உண்டு. பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருகிறார். ‘கடைசியா எப்போ விழுந்தீங்க, எங்கே ஒடிஞ்சது’ என்ற இரண்டு கேள்வியைச் சேர்க்க என்ன செலவாகிவிடும் என்பது எனக்குப் புரியவில்லை.

வயதான எல்லோருக்கும் பரிசோதனை செய்தால் முறிவு குறையுமா? இங்கிலாந்தில் 70 முதல் 85 வயது வரையிலான 12,483 பெண்களை இரண்டாகப் பிரித்து ஐந்தாண்டு பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு முதலில் கணிப்பான், ஆபத்து அதிகம் என்று வந்தவர்களுக்கு மட்டும் ஸ்கேன், தேவைப்பட்டால் மருந்து. மறு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மொத்த முறிவுகள் குறையவில்லை. இடுப்பெலும்பு முறிவு மட்டும் 3.5 சதவீதத்திலிருந்து 2.6ஆகக் குறைந்தது. டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் நடந்த இதே போன்ற ஆய்வுகளில் அந்த அளவு தெளிவான பலன் வரவில்லை. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் இடுப்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார் என்பதோடு சேர்த்துப் படித்தால் அந்தக் குறைவு சிறியதில்லை.

ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கச் சொல்லும் பேக்கேஜ்களுக்கு வருவோம். 67 வயது கடந்த ஏறக்குறைய ஐயாயிரம் அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், அடர்த்தி நன்றாகவோ லேசாகக் குறைந்தோ இருந்தவர்களில் பத்தில் ஒருவர் எலும்புப்புரையை எட்டவே பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆனது. கோட்டை ஒட்டி நின்றவர்களுக்குத்தான் ஓராண்டு. எல்லோருக்கும் வருஷா வருஷம் ஸ்கேன் என்பது பேக்கேஜ் விற்பவரின் கணக்கு.

அறுபதாயிரம் யூனிட் பொட்டலம்

கால்சியத்தை மாத்திரையில் தேடும் முன் தட்டில் தேடலாம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் 200 வரை. காபியில் கலக்கும் பால் இதில் சேராது, அது சொட்டு.

வைட்டமின் டி கதை வேறு. திருப்பதியில் நடந்த ஆய்வொன்றில் மாதவிடாய் நின்ற பெண்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அது போதாமல் இருந்தது. வெயிலுக்கா பஞ்சம்? வெயில் அடிக்கும் நேரத்தில் வீட்டுக்குள் இருக்கிறோம். குறைபாடு இருந்தால் ஈடுகட்ட வேண்டியதுதான். ஆனால் வாரம் ஒன்று என்று எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த அறுபதாயிரம் யூனிட் பொட்டலத்தை மூன்று வருஷமாகக் கடையில் கேட்டு வாங்கிப் பாலில் கலக்கிக் குடிப்பவர்கள் நம்மில் ஏராளம். ஆஸ்திரேலியாவில் 70 கடந்த 2,256 பெண்களைச் சேர்த்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக ஐந்து லட்சம் யூனிட் கொடுத்தார்கள். விழுவதும் முறிவதும் அவர்களுக்கு அதிகமானது. குறைபாடு இல்லாதவர்களுக்கு வைட்டமின் டி முறிவைத் தடுப்பதில்லை என்பதை 25,871 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு 2022இல் உறுதி செய்தது.

மருந்து தேவைப்படுபவருக்குத் தயங்கவே கூடாது. வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது. நம் வீடுகளில் இந்த மருந்து தோற்பது பெரும்பாலும் அந்தக் காலைக் காபியிடம்தான். முடியாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் சொலெட்ரானிக் அமிலம். தாடையெலும்பு பாதிப்பு, தொடையெலும்பில் வழக்கத்துக்கு மாறான முறிவு என்று இணையத்தில் படித்துவிட்டுப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். உண்மைதான், ஆனால் மிக அரிது. சில ஆண்டுகளுக்குப் பின் இடைவெளி விடுவது அதற்காகவே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியில் மட்டும் அந்த இடைவெளி கிடையாது. ‘இப்போ நல்லா இருக்கு’ என்று அடுத்த ஊசியைத் தவறவிட்டால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கலாம். போடத் தொடங்கும் முன்பே எப்படி முடிப்பது என்று பேசிவிட வேண்டும்.

விழாமல் இருப்பதும் சிகிச்சைதான். பளபளக்கும் டைல்ஸ், ஈரம் காயாத குளியலறை, இரவில் எழுந்ததும் தலைசுற்ற வைக்கும் பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, கண்புரை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 கடந்த பெண்களில் ஒரு பிரிவினருக்குக் கண்புரை ஆபரேஷனைக் காத்திருக்க வைக்காமல் செய்தபோது, அவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எலும்பு முறிந்தவர்களும் குறைந்தார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பிறந்த மண்ணில் இதைவிடக் கைக்கெட்டிய சிகிச்சை வேறில்லை. ‘குனியாதே, தூக்காதே’ என்று பெண்களை உட்கார வைப்பதும் தவறு. எலும்பு சுமையைக் கேட்கிறது. அடர்த்தி குறைந்த பெண்களுக்குப் பயிற்சியாளர் கண்காணிப்பில் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் கனமான எடை தூக்கவைத்த ஆஸ்திரேலிய ஆய்வில், எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது.

இடுப்பே முறிந்துவிட்டாலும் காலம் கடந்துவிடவில்லை. முறிவுக்கு ஆபரேஷன் ஆன 90 நாளுக்குள் சொலெட்ரானிக் அமிலம் ஏற்றிய ஆய்வு 2007இல் வெளியானது. 2,127 பேர் பங்கேற்றார்கள். மருந்து பெற்றவர்களுக்குப் புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, மரணங்கள் 28 சதவீதம். அந்த மருந்தை இன்று இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. ஆனாலும் ஆபரேஷன் நன்றாக முடிந்து, உள்ளே வைத்த பிளேட்டின் பெயர்வரை எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டில் எலும்பை வலுப்படுத்தும் மருந்து ஒன்றுகூட இல்லாமல் வீடு திரும்புகிறவர்கள் நிறைய. தையல் பிரிக்கப் போகும் நாளில் கேட்கலாம். சிறுநீரகச் செயல்பாட்டுக்கும் வைட்டமின் டிக்கும் ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும்.